பிச்சையல்ல, பாத்தியதை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிற தேசங்களிலிருந்து போய்க் குடியேறியிருக்கும் ஏழைக் குடும்பங்களில் பல, சட்டப்படி தங்களுக்கோ தங்கள் குழந்தைகளுக்கோ கிடைக்க வேண்டிய உணவு உதவியையும் வைத்திய உதவியையும் பயத்தினால் வேண்டாமென்று விட்டுவிடுகின்றன. இவ்விஷயத்தைப் பற்றி இவ்வாரம் எழுதத் துணிகிறோம். "அமெரிக்கா சங்கதி நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த லட்சக்கணக்கான தமிழர்களை, 1948-ல் இலங்கைச் சர்க்கார் ஒரு சட்டத்தினால் குடியுரிமை இல்லாதவர்களாக்கியதைப் பார்த்த நாம் இப்படிக் கேட்பது நியாயமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் 1882-ம் வருஷத்தில் ஒரு குடியேற்றச் சட்டம் செய்தார்கள். தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் பொதுப் பணத்துக்குப் பாரமாகக்கூடியவன் எவனையும் கரையிறங்க விடக்கூடாது என்பது அதில் ஒரு விதி. வருகிறவன் பாரமாவானோ என்று பயந்த அதே சட்டம், கப்பலில் வரும் ஒவ்வொரு அந்நியன் தலைக்கும் 50 சென்ட் வரி வசூலிக்கவும் மறக்கவில்லை! அந்தப் "பாரம்" என்ற வார்த்தை இன்றைக்கும் அந்நாட்டுச் சட்டத்தில் இருந்துகொண்டு ஏழைகளை மிரட்டி வருகிறது.

யார் யாருக்குப் பாரம் என்று கேட்கிறோம். தக்க அனுமதிச் சீட்டுக்கூட இல்லாத குடியேறிகள் 2022-ம் ஒரு வருஷத்தில் மாத்திரம் செலுத்திய வரி சுமார் 9,670 கோடி டாலர் என்று வரி விஷயங்களை ஆராயும் ஒரு ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் சுமார் 2,570 கோடி டாலர், வயோதிகர்களுக்குப் பென்ஷன் கொடுக்கும் நிதிக்குப் போயிற்று. அந்தப் பென்ஷனை வாங்க இவர்களுக்குப் பாத்தியதை இல்லை. கொடுக்கிறவன் பாரம், வாங்கிக்கொள்ளுகிறவன் தர்மப் பிரபு என்றால் இது எந்த ஊர் நியாயம்?

நிற்க, உதவிக்கும் எல்லை கட்டியிருக்கிறார்கள். 1996-ல் செய்த சட்டப்படி, நிரந்தர வாசத்துக்கு அனுமதி பெற்றவர்களில்கூட அநேகர் ஐந்து வருஷம் காத்திருந்தால்தான் மத்திய சர்க்காரின் முக்கியமான உதவிகளைக் கேட்கலாம். குழந்தைகளின் உணவு உதவிக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு வேண்டாமென்று 2002-ல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் 2025 ஜூலையில் செய்த சட்டமோ, உயிருக்குப் பயந்து ஓடிவந்து அடைக்கலம் பெற்ற அகதிகளையே உணவு உதவியின் ஜாபிதாவிலிருந்து நீக்கிவிட்டது.

சட்டம் பறித்தது இவ்வளவு. பயம் பறித்ததோ இதோடு நிற்கவில்லை. 2019-ல் அப்போதைய சர்க்கார், உணவு உதவி, வைத்திய உதவி, வீட்டு வாடகை உதவி பெறுவதையும் "பாரம்" என்று கணக்கில் சேர்க்க ஒரு விதி வெளியிட்டது. அது அமுலில் இருந்தது 2020 பிப்ரவரி முதல் 2021 மார்ச்சு வரையில்தான். குழந்தை பெறும் உதவியைப் பெற்றோர் கணக்கில் அந்த விதியும் சேர்க்கவில்லை. அப்படியிருந்தும், விதி அமுலுக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே, 2018-ல், குடியேறிய குடும்பங்களில் வயதுவந்தவர்களில் ஏழில் ஒருவர், தாமோ தம் குடும்பத்தாரோ பயந்து உதவி பெறாமல் இருந்துவிட்டதாக ஓர் ஆராய்ச்சியில் சொன்னார்கள். 2022-ல் வேறொரு விதி வந்து பழைய நிலைமையை ஏற்படுத்திற்று. அதையும் எடுத்துவிடப் போவதாக 2025 நவம்பரில் யோசனை வெளியிட்டார்கள். இப்படி வருஷத்துக்கு ஒரு பேச்சாய் இருந்தால் கூலிக்காரன் எதை நம்புவான்?

புளியமரத்தில் பேய் இருக்கிறதென்ற பயம் வேறு; காட்டில் புலி இருக்கிறதென்ற பயம் வேறு. முன்னதை அறிவினால் ஓட்ட வேண்டும். பின்னதற்கு அறிவைக் கொண்டு வழி பார்த்து நடக்க வேண்டும். குழந்தை பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டால் தகப்பனை நாடு கடத்திவிடுவார்கள் என்பது பேய். ஆனால் 2025-ல் சில மாகாணங்களில் வைத்திய உதவி பெறுவோரின் விவரங்களைக் குடியேற்ற இலாகாவின் கைக்குக் கொடுத்ததும், அதன்மேல் பல மாகாணங்கள் கோர்ட்டுக்குப் போனதும் நடந்த சங்கதி. அது புலி. ஆகையால் "பயப்படாதே" என்று வெறுமனே தட்டிக்கொடுப்பவனும், "எல்லாவற்றையும் விட்டுவிடு" என்று கிலி மூட்டுபவனும் ஒரே மாதிரித் தீங்கு செய்கிறவர்களேயாவார்கள். ஒரே வீட்டில் தகப்பன் ஒரு நிலையிலும், தாய் வேறு நிலையிலும், குழந்தை அந்நாட்டுப் பிரஜையாகவும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்குப் பார்த்துச் சொல்லுவதுதான் உண்மையான உதவி.

அப்படிச் சொல்ல வேண்டியவை பல இருக்கின்றன. குழந்தைக்கு மாத்திரம் உதவி கேட்கும் பெற்றோர் தங்கள் வருமானத்தைக் காட்ட வேண்டுமேயொழிய, தங்கள் குடியேற்ற நிலையைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அனுமதிச் சீட்டு இல்லாத குழந்தைகளையும் பொதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தே தீரவேண்டுமென்று டெக்ஸாஸ் மாகாண வழக்கில் 1982-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தாய் வந்தவனை, அவன் யாராயிருந்தாலும், ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பகுதி கவனிக்காமல் திருப்பக்கூடாதென்பது 1986-ம் வருஷத்துச் சட்டம்.

கிடைத்த உதவியைக் காப்பதற்கும் வழி உண்டு. விசாரணை செய்யாமல் ஓர் ஏழையின் ஜீவனத்துக்கான உதவியை நிறுத்தக்கூடாதென்று 1970-ல் நியூயார்க் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. உணவு உதவியைக் குறைத்தால் 90 நாளுக்குள் விசாரணை கேட்கலாம். நோட்டீசில் கண்ட கெடுவுக்குள் கேட்டால் தீர்ப்பு வரும் வரையில் பழைய உதவியே தொடரும். ஆனால் தோற்றால் அதிகப்படியாய்ப் பெற்றதைத் திருப்பிக் கட்ட நேரும் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இங்கிலீஷ் தெரியாத காரணத்தால் அந்த நோட்டீசைப் பிரிக்காமலே வைத்து, கெடு தாண்டிப் போய், உதவி இழப்பதைவிடக் கொடுமை உண்டா?

இந்த அறியாமையை மூலதனமாக வைத்துப் பிழைக்கத் தரகர் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. ஸ்பானிஷ் பேசும் தேசங்கள் பலவற்றில் "நோட்டாரியோ" என்றால் சட்டம் படித்த பெரிய மனிதர். அமெரிக்காவிலோ நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி போடுகிறவர்தான். இந்தப் பேர்ப் பொருத்தத்தைக் காட்டி, வக்கீலல்லாதவர்கள் ஏழைகளிடம் பணம் பிடுங்கி, தப்பான காகிதம் எழுதிக்கொடுத்துக் குடும்பத்தையே ஆபத்தில் மாட்டிவிடுகிறார்கள். தெரியாதவனுக்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவில் நின்று தட்சணை வாங்குகிறவன் எந்த வேஷத்தில் வந்தாலும் அவன் தொழில் ஒன்றுதான்.

நம் ஊர்களிலிருந்து அங்கே உத்தியோகத்துக்குப் போயிருக்கும் வாலிபர்கள் அநேகர். "இது ஏழைகள் பாடு, நாம் படித்தவர்கள்" என்று அவர்கள் ஒதுங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சட்டத்துக்கு இலவச வக்கீல் சங்கங்கள் இருக்கின்றன. ஏழையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் வேண்டும். ஒரு நோட்டீசைப் படித்துக்காட்டவும், கெடு நாளைக் குறித்துக் கொடுக்கவும், ஆபீசில் பக்கத்தில் நிற்கவும் இங்கிலீஷ் தெரிந்த எவராலும் முடியும். தன் குழந்தையின் பாத்தியதையைக் கேட்கப் போகிற தாய், பிச்சைக்காரியைப் போல் தலைகுனிந்து நிற்கக்கூடாது. அவள் தலைநிமிர்ந்து நிற்பதற்கு வேண்டிய துணையே இன்று செய்யத்தக்க உதவி என்று சொல்லி இதை முடிக்கிறோம்.