அணைந்த உலையும் அணையாக் கடமையும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கடலோர ஊர் ஆங்கிள்சி. அங்கு 1969இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் அனல்மின் நிலையம், அருகிருந்த திறந்தவெளிச் சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரியை எரித்தது. ஜீலாங் நகரை அடுத்த பாயிண்ட் ஹென்றி அலுமினிய உருக்காலையின் மின்தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்தது. அலுமினாவிலிருந்து அலுமினியத்தைப் பிரித்தெடுக்க இடையறாத மின்சாரம் இன்றியமையாதது. 2014இல் உருக்காலை மூடப்பட்டது. மறு ஆண்டே மின்நிலையமும் ஓய்ந்தது.

புகை நின்றது நன்றே. ஆயினும், உலை அணைந்ததும் கடமை முடிந்துவிடுவதில்லை. தோண்டிய நிலத்தைச் சீரமைப்பதும் உழைத்தோர்க்கு மாற்றுப்பணி காண்பதும் தொழிற்சாலையைத் திறக்கும்போதே திட்டமிடப்பட வேண்டும். பல்லாண்டு பயன்கொண்டபின் மண்ணையும் மக்களையும் மறத்தல் வளர்ச்சியாகாது, அறமும் ஆகாது.