இன்ஹேலரை ஏன் ஒளிக்கிறோம்?

நடுராத்திரியில் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் நெபுலைசர் வைக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் டாக்டர் எழுதித் தந்த இன்ஹேலர் மட்டும் பீரோவுக்குள் கிடக்கிறது. கேட்டால், "பழகிடுமாம்!" என்கிறோம். நெபுலைசரில் ஊற்றுவதும் பெரும்பாலும் அதே சால்பூட்டமால்தான். அது பழகாதாம், இது பழகிவிடுமாம்!

சிரப் என்றால் நமக்குப் பயமே இல்லை. 5 மில்லி சால்பூட்டமால் சிரப்பில் 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பையே சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வரும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. சின்னப் பிள்ளைக்கு இன்ஹேலரில் ஸ்பேசர் குழாயை மாட்டியே கொடுங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலான மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

இழுப்பு நின்றதும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடுகிறோமே, அதுதான் பெரிய தப்பு. சத்தம் அடங்கினாலும் மூச்சுக்குழாயின் உள்வீக்கம் அடங்குவதில்லை. அதைத் தணிக்கத்தான் தினசரி மருந்து. அதில் இருப்பது ஸ்டீராய்டு என்றதும் பதறுகிறீர்கள். உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையலாம், உண்மைதான். ஆனால் மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கிக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை அதைவிட எவ்வளவோ கெடுதல். மாதாமாதம் மூச்சுத் திணறும் பிள்ளை எப்படி வளரும்? மருந்து அடித்தபின் வாயைக் கொப்பளிக்க வையுங்கள், போதும்.

இழுப்பு தீருமென்று பிள்ளையை விரால் மீன் விழுங்க வைக்க ஹைதராபாத் வரை போய் வரிசையில் நிற்கிறவர்களுக்கு, வீட்டில் கொசுவத்தியை அணைக்க மனம் வருவதில்லை. குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி போடாவிட்டால் பாட்டி கோபிப்பார், கோபிக்கட்டும். அப்பாக்களே, பால்கனியில் பிடித்தாலும் சிகரெட் புகை சட்டையோடு உள்ளே வருகிறது.

பெண் பிள்ளையாயிற்றே, வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று பள்ளியில் நோயை மறைப்பவர்களும் உண்டு. பி.டி. வகுப்பில் மூச்சு முட்டினால் அங்கே யார் மருந்து கொடுப்பது?

விலா எலும்புக்கு இடையே சதை உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் இன்ஹேலர் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். பள்ளியில் இப்படி நேர்ந்தால் உதவ, நாளைக்கே வகுப்பாசிரியரைப் பார்த்து விவரம் சொல்லி, ஒரு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.