அக்குள் கறையும் அவசர வைத்தியமும்

வெள்ளைச் சட்டையின் அக்குளில் படியும் மஞ்சள் கறை உடுத்துபவரின் அசுத்தத்துக்குச் சாட்சி என்றும், பிளீச்சிங் பவுடர் கரைத்த கொதிநீரே அதற்குப் பரிகாரம் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது, மனிதரை நிந்தித்துத் துணியையும் பாழாக்கும் உபதேசம். வியர்வை நிறமற்றது, வியர்வையைத் தடுக்கப் பூசும் களிம்பிலுள்ள அலுமினிய உப்பு வியர்வையின் புரதத்தோடு கூடி இழைக்குள் இறுகுவதாலேயே பெரும்பாலும் அம்மஞ்சள் உண்டாகிறது என்பதால், சுத்தத்தில் சிரத்தையுள்ளவர்களும் இக்கறைக்கு ஆளாகிறார்கள். குளோரின் பட்டால் அம்மஞ்சள் மேலும் முதிரும். கொதிநீரும் இஸ்திரிப் பெட்டியின் சூடும் அதை ஸ்திரமாக்கிவிடும். வெள்ளைப் பருத்திச் சட்டையை உட்புறம் திருப்பி, வினிகர் கலந்த தண்ணீரில் அரைமணி ஊறவைத்து நன்றாக அலசியபின், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, சற்றுப் பொறுத்து மெதுவாகத் தேய்த்துக் குளிர்ந்த நீரில் துவைப்பதே தக்க மார்க்கம். ரசாயனத்தின் காரியத்தை ஒழுக்கத்தின் குற்றமாக்குவது நியாயமன்று.