விதையின் தலையில் கட்டிய பெருமை

சென்னை மந்தைவெளியில் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் தேடி வாங்கிச் சமைக்கும் வீடுகள் பெருகிவிட்டன. நல்லதுதான். பொட்டலத்தோடு இலவசமாக வரும் நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை: "நாட்டு விதைக்கு உரமே வேண்டாம், விதையிலேயே எல்லாம் இருக்கு." எதிர்த்தரப்பும் இதையே வேறு குரலில் சொல்கிறது: ஐ.ஆர். 8 என்ற அதிசய விதை வந்தது, பஞ்சம் தொலைந்தது. இரண்டு தரப்பும் விதையைக் கும்பிடுகின்றன. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் கணக்கை இரண்டுமே பார்ப்பதில்லை.

குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ விதை என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நெல்லில் நைட்ரஜன் நூற்றுக்கு ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றேகால். ஆக, விதை வழியாக வயலுக்குப் போவது முக்கால் கிலோ. ஒற்றை நாற்று முறையில் 7, 8 கிலோ விதையே போதும் என்பதால் நூறு கிராம்கூடத் தேறாது. ஆனால் விளையும் ஒவ்வொரு டன் நெல்லும், வைக்கோலையும் சேர்த்தால், 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை உறிஞ்சுகிறது. ஐந்து டன் விளைந்தால் எண்பது, நூறு கிலோ. அந்த முக்கால் கிலோவும் போன போகத்தில் எடுத்துவைத்ததுதான். புது வரவே இல்லை.

"தாத்தா காலத்தில் என்ன உரம் போட்டார்கள்?" என்று கேட்பார்கள். நிறையவே போட்டார்கள். கோடையில் கீதாரிகள் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டிவந்து டெல்டா வயல்களில் கிடை போட்டார்கள். கொளிஞ்சியும் தக்கைப்பூண்டும் பசுந்தாள் உரமாக மடக்கி உழப்பட்டன. சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் வேர்முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைத்தன. காவிரி வண்டலும் வந்தது. இத்தனை பேர் உழைப்பையும் அழித்துவிட்டு விதைக்கு மாலை போடுவது கீதாரிக்குச் செய்யும் துரோகம்.

1960-61இல் இந்தியா முழுவதும் பயன்பட்ட உர நைட்ரஜன் சுமார் 2 லட்சம் டன்தான். நிகர சாகுபடிப் பரப்பால் வகுத்தால் ஹெக்டேருக்கு ஒன்றரை கிலோ. ஒரு ஹெக்டேர் வயலுக்கு விதை நெல்லோ விதைக் கோதுமையோ கொண்டுவந்ததும் கிட்டத்தட்ட அந்த வரிசையில்தான். 2020-21இல் உர நைட்ரஜன் 2 கோடி டன். ஹெக்டேருக்கு 140 கிலோவைத் தாண்டுகிறது. விதை கொண்டுவரும் அளவு நின்ற இடத்திலேயே நிற்கிறது. மாறாக, கஜகஸ்தான் புல்வெளியில் கோதுமைக்கு நூறு கிலோவுக்கு மேல் விதை போடுகிறார்கள். உரம் மிகக் குறைவு, விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னை ஒட்டித்தான். அங்கே வரவில் விதையின் பங்கு கண்ணில் படும் அளவுக்கு உயர்கிறது. விதை வீரியமானதால் அல்ல, மற்ற வரவுகள் வறண்டதால்.

ஐ.ஆர். 8 செய்தது என்ன? கொட்டிய சத்தைத் தின்றுவிட்டுச் சாயாமல் நின்றது. நெட்டை ரகங்கள் அதே அளவு யூரியாவுக்குப் படுத்துவிடும். குட்டைத் தாள் என்பது தழைச்சத்தைத் தாங்கும் தகுதி, தழைச்சத்து அல்ல. தஞ்சாவூரில் 1960 வாக்கில் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டம் விதை, உரம், கடன் எல்லாவற்றையும் ஒரே கட்டாகத்தான் கொடுத்தது.

விதை மட்டும் போதாது என்பதற்கு இலங்கையைவிடக் கசப்பான சோதனை வேண்டாம். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. விவசாயி விதைத்தது வழக்கமான அதே பத்தலகொட நெல் ரகங்களைத்தான். களைக்கொல்லித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது, உண்மைதான். இருந்தும் அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் சரிந்ததற்கு முதல் காரணம் சத்துப் பஞ்சம். நவம்பரில் தடையை விலக்கியும் அந்தப் போகத்துக்குப் பலனில்லை. அரிசி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

'நெல்' ஜெயராமன் ஆதிரெங்கத்தில் தேடிச் சேர்த்த ரகங்களுக்கு நான் எதிரி அல்ல. உப்புநீரையும் வெள்ளத்தையும் தாங்கும் குணங்கள் அவற்றில் உண்டு. ஆனால் நாம் சாப்பிடும் ஒவ்வொரு கிலோ அரிசியிலும் பத்து கிராமுக்கு மேல் தழைச்சத்து டெல்டாவை விட்டு வருகிறது. அது சென்னைக் கழிவுநீர்க் குழாயில் போகிறது; திருத்துறைப்பூண்டிக்குத் திரும்புவதில்லை. அடுத்தமுறை கடையில் ரகத்தின் பெயரோடு, அந்த வயலில் கிடை போட்டார்களா, பசுந்தாள் மடக்கினார்களா என்றும் கேளுங்கள். போட்டிருந்தால் விலை கூடும். பேரம் பேசாதீர்கள்.