கணிதத்தின்மேல் சுமத்தப்படும் வீண்பழி

நம் தமிழ் மேடைகளில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகின்றது. அறிவின் எல்லையைப் பற்றிப் பேசப் புகும் சொற்பொழிவாளர், பேச்சு உச்சத்தை எட்டும் இடத்தில் சற்றே நிறுத்துவார், பின்பு, "ஐயம் திரிபற்றது என்று நீங்கள் நம்பிய கணிதமே தன் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டது, கூர்ட் கோடல் என்னும் அறிஞர் 1931ஆம் ஆண்டிலேயே அதை மெய்ப்பித்துவிட்டார்" என்பார். அவையோர் கைதட்டுவர். சமயச் சொற்பொழிவாளர் இதைக் கொண்டு இறைவனை நிலைநாட்டுகின்றார். திறனாய்வாளர் இதைக் கொண்டு எந்தப் பொருளும் நிலையானதன்று என்கின்றார். ஒரே கத்தியை இருவரும் எதிரெதிர்த் திசைகளில் வீசுகின்றனர். அக்கத்தி யாருடையது, எதை வெட்டச் செய்யப்பட்டது என்று கேட்பார்தாம் இல்லை.

கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு. பிறர் உழைத்துக் கண்ட முடிவுகளைப் பொருளறியாது எடுத்தாள்வது, ஒரு புலவரின் பாட்டைப் பொருளறியாது மேடையில் பாடுவதினும் கேடானது. பாட்டையேனும் கேட்டவர் வீடு சென்று நூலைப் புரட்டிப் பார்க்கலாம். கணித முடிவை அவ்வாறு சரிபார்க்க நம்மில் எத்துணைப் பேரால் இயலும்?

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கின்றது. கணிதம் எவற்றை அடிப்படையாகக் கொண்டு தொடங்குகின்றதோ அவற்றை நம் பழைய பாடநூல்கள் 'வெளிப்படை உண்மைகள்' என்று மொழிபெயர்த்தன. கண்ணுக்குத் தெளிவானது, எவரும் மறுக்கவொண்ணாதது என்பது அதன் பொருள். யூக்ளிட் காலத்தில் அவ்வாறு எண்ணியதில் பிழையில்லை. ஆனால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாகக் கணிதர் அவ்வாறு எண்ணுவதில்லை. 'அடிக்கோள்' என்னும் சொல் இதனினும் நேர்மையானது; ஓர் ஆட்டத்தைத் தொடங்குமுன் ஒப்புக்கொண்ட விதி என்பதற்குமேல் அது எதையும் உறுதிகூறுவதில்லை. 'வெளிப்படை உண்மை' என்று கற்ற மாணவன், அவ்வுண்மைக்கு மாறானதும் முரணின்றி நிற்கும் என்று கேட்கும்போது தரையே நழுவியதாக அஞ்சுகின்றான். அவ்வச்சத்தின்மேல்தான் நம் சொற்பொழிவாளர் வீடு கட்டுகின்றார்.

தரை நழுவியதாகச் சொல்லப்படும் அந்நிகழ்ச்சியைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஒரு கோட்டிற்கு வெளியேயுள்ள ஒரு புள்ளியின் வழியே அக்கோட்டைச் சந்திக்காத கோடு ஒன்றே ஒன்றுதான் வரைய இயலும் என்பது, யூக்ளிடின் ஐந்தாம் கோளுக்கு இணையான கூற்று. ஏனைய கோள்களிலிருந்து இதை நிறுவிவிட வேண்டும் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்றனர். 1733இல் இத்தாலியரான சக்கேரி, யூக்ளிடை எல்லாக் களங்கத்தினின்றும் விடுவிப்பதாகத் தலைப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஐந்தாம் கோளை மறுத்து அதிலிருந்து முரண்பாட்டை வருவிக்க முயன்ற அவர், புதுமையான தேற்றங்கள் பலவற்றைக் கண்டார், முரண்பாட்டைக் காணவில்லை. இறுதியில், இம்முடிவுகள் நேர்கோட்டின் இயல்புக்கே ஒவ்வாதவை என்று கூறி நூலை முடித்தார். 1829இல் லொபாசெவ்ஸ்கியும் 1832இல் போல்யாயும் அதே தேற்றங்களை ஒரு புதிய வடிவியலாக ஏற்று வெளியிட்டனர். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. இன்று காணாத முரண்பாடு நாளை தோன்றாது என்பதற்கு என்ன உறுதி?

அவ்வுறுதியை அளித்தது ஒரு மாதிரி. 1868இல் பெல்த்திராமி காட்டியதும் 1871இல் கிளைன் செப்பமுறச் செய்ததும் ஆகிய அதனை எவரும் தாளில் வரைந்து பார்க்கலாம். ஒரு வட்டம் வரைக. அதன் உட்புறம் மட்டுமே உலகம் என்க. விளிம்பு அவ்வுலகில் சேராது. உட்புறத்துப் புள்ளிகளே 'புள்ளி'. வட்டத்தின் நாண்களே 'கோடு'. தொலைவையும் கோணத்தையும் அளக்க ஒரு புதிய முறையும் உண்டு. அம்முறைப்படி விளிம்பை நெருங்க நெருங்கத் தொலைவு பெருகிக்கொண்டே போகும், விளிம்பை அடையவே இயலாது. இனி ஒரு நாணையும் அதன்மேல் அமையாத ஒரு புள்ளியையும் எடுத்துக்கொள்க. அப்புள்ளியின் வழியே, அந்நாணை வட்டத்திற்குள் சந்திக்காத நாண்கள் எத்தனை வரையலாம்? எண்ணிறந்தன வரையலாம். யூக்ளிடின் ஏனைய கோள்கள் யாவும் இச்சிறு வட்டத்துள் மெய்யாகின்றன. ஐந்தாம் கோள் மட்டும் பொய்யாகின்றது. ஏனைய கோள்களிலிருந்து ஐந்தாவதை நிறுவ இயலுமாயின், அவை மெய்யாகும் இடமெல்லாம் அதுவும் மெய்யாக வேண்டும். இங்கே ஆகவில்லை. எனவே நிறுவ இயலாது. எவராலும், எந்நாளும் இயலாது. மேலும், இவ்வட்டமும் நாண்களும் யூக்ளிடின் வடிவியலிலேயே உள்ளவை. ஆதலின் புதிய வடிவியலில் முரண்பாடு ஒன்று தோன்றுமாயின் அது யூக்ளிடின் வீட்டிலும் தோன்றியே தீரும்.

இதில் தோல்வி எங்கே இருக்கின்றது? இரண்டாயிரம் ஆண்டு வழக்கு ஒன்றுக்கு மேல்முறையீடற்ற தீர்ப்பு கிடைத்திருக்கின்றது. 'நிறுவ இயலாது' என்பதே நிறுவப்பட்ட ஒன்று. மேடைப் பேச்சாளர் 'இயலாது' என்னும் சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அதை நிறுவியதும் கணிதமே என்பதை விட்டுவிடுகின்றார்.

'மாதிரி' என்னும் சொல்லைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பொறியாளர் பாலத்தைக் கட்டுமுன் அட்டையில் மாதிரி செய்வார்; அங்கே மாதிரி என்பது நகல். அளவையியலார் வழக்கில் நிலைமை நேர்மாறானது. கோட்பாடு என்பது சில கூற்றுகளின் தொகுதி. அக்கூற்றுகள் யாவும் மெய்யாகும் ஓர் அமைப்பே அதன் மாதிரி. ஓவியருக்கு முன் அமர்ந்திருப்பவரை நினைத்துக்கொண்டால் விளங்கும்; அவரைப் பார்த்துத்தான் படம் எழுதப்படுகின்றது. ஒரே படத்திற்கு முற்றிலும் வேறான இருவர் பொருந்தி அமரக்கூடும் என்பதே இக்கலையின் சுவை. நம் மேடைகளில் 'கோட்பாடு' என்றால் ஒருவரின் கருத்து, 'மாதிரி' என்றால் 'அது போல' என்று பொருள். அவ்விரு பொருளையும் சுமந்துகொண்டு இத்துறைக்குள் நுழைபவர் வழிதவறாமல் என்ன செய்வார்?

இப்பார்வையை முதலில் ஏற்க மறுத்தவர் சிறியவர் அல்லர். 1899இல் ஹில்பெர்ட் வடிவியலின் அடிப்படைகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது, ஃபிரேகே அவருக்குக் கடிதங்கள் எழுதி வாதிட்டார். அடிக்கோள்கள் மெய்யான கூற்றுகள். மெய்யானவை தமக்குள் முரண்படா. எனவே முரணின்மையைத் தனியே நிறுவத் தேவையில்லை என்பது ஃபிரேகேயின் கட்சி. முரணின்மை நிறுவப்பட்டால் அதுவே போதும் என்பது ஹில்பெர்ட்டின் கட்சி. புள்ளி, கோடு, தளம் என்பவற்றிற்குப் பதில் மேசை, நாற்காலி, கோப்பை என்று வைத்தாலும் தேற்றங்கள் நிற்க வேண்டும் என்று ஹில்பெர்ட் கூறியதாகச் சொல்வர். ஃபிரேகேயின் பக்கம் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. சொற்களுக்குப் பொருளே இல்லையேல் கூற்றுக்கு மெய் ஏது? இவ்வினாவிற்கு விடையாக, ஒரு கூற்று ஓர் அமைப்பில் மெய்யாதல் என்றால் என்ன என்பதைத் தார்ஸ்கி 1930களில் செம்மையாக வரையறுத்தார். முற்கோள்கள் மெய்யாகும் ஒவ்வொரு மாதிரியிலும் முடிவும் மெய்யாதலே 'பின்தொடர்தல்' என்பதும் அவர் தந்த விளக்கமே.

இனி, கத்திக்குரியவரான கோடலிடம் வருவோம். அவர் 1931இல் வெளியிட்டதை மட்டுமே நம்மவர் அறிவர். அதற்கு ஓராண்டு முன்னர் அவர் வெளியிட்ட இன்னொரு தேற்றத்தை நான் ஒரு மேடையிலும் கேட்டதில்லை. அது முழுமைத் தேற்றம். முதல்நிலை அளவையில் எழுதப்பட்ட ஒரு கோட்பாட்டின் எல்லா மாதிரிகளிலும் மெய்யாகும் கூற்று எதுவாயினும், அக்கோட்பாட்டிலிருந்து முறைப்படி நிறுவத்தக்கதே என்பது அதன் சாரம். தருக்கத்தின் விதிகள் போதாதவை என்று பேசுவோரின் வாயை அடைப்பது இது. அதனால்தான் போலும் அவர்கள் இதைத் தொடுவதில்லை!

1931ஆம் ஆண்டுத் தேற்றமோ நிபந்தனைகளுடன் வருவது. கோட்பாடு முரணற்றதாக இருக்க வேண்டும். அதன் அடிக்கோள்கள் எவை என்பதை இயந்திரமுறையில் கண்டறிய இயல வேண்டும். இயல் எண்களின் கூட்டலையும் பெருக்கலையும் போதிய அளவில் அது பேச வேண்டும். அத்தகைய கோட்பாட்டில் நிறுவவும் மறுக்கவும் இயலாத கூற்று ஒன்று இருந்தே தீரும். நிபந்தனை தளர்ந்தால் முடிவும் தளரும். கூட்டலை மட்டும் பேசும் எண்கணிதத்தில் ஒவ்வொரு கூற்றையும் நிறுவவோ மறுக்கவோ இயலும் என்று 1929இல் பிரெஸ்பர்கர் காட்டினார். மெய்யெண்களின் கூட்டலையும் பெருக்கலையும் முதல்நிலை அளவையில் பேசும் கோட்பாட்டிற்கும் அவ்வாறே என்று தார்ஸ்கி நிறுவினார். கணிதத்தின் பெரும் பகுதிகளையே தொடாத ஒரு தேற்றம் திருமணத்தையும் அரசியலையும் ஆன்மாவையும் தொடும் என்று கூற என்ன துணிவு வேண்டும்!

கோடல் அமைத்த அக்கூற்றுக்கு என்ன நேர்கின்றது என்பதை முழுமைத் தேற்றத்தின் துணைகொண்டு காண்பது இன்பம் தருவது. அக்கூற்றை நிறுவ இயலாது. எனவே அது பொய்யாகும் மாதிரி ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஆனால் 0, 1, 2 என்று நாம் எண்ணும் வழக்கமான எண்களில் அது மெய். அப்படியாயின், எண்கணித அடிக்கோள்கள் யாவும் மெய்யாகியும் நம் எண்களினின்று வேறான மாதிரிகள் உள்ளன. அவற்றில் நம் எண்கள் அனைத்திற்கும் அப்பால் வேறு 'எண்களும்' வாழ்கின்றன. இத்தகைய மாதிரிகளை ஸ்கோலெம் 1934இல் அமைத்தே காட்டினார். 'மெய்யானது, ஆயினும் நிறுவ இயலாதது' என்று மேடையில் முழங்கும் அன்பரே, எந்த மாதிரியில் மெய், எந்தக் கோட்பாட்டில் நிறுவ இயலாதது என்று சொல்லாதவரை உம் வாக்கியம் பாதி வாக்கியமே.

இங்கே எதிர்க்கட்சியின் வலிய வாதத்தை மறைப்பது அறமாகாது. "கோட்பாட்டுக்குக் கோட்பாடு, மாதிரிக்கு மாதிரி மெய் மாறுமாயின், மெய் என்பதே சார்புடையது என்றுதானே ஆகின்றது?" என்பர். இதற்கு ஒரு சிறு விடை உண்டு. அலமாரியில் தொல்காப்பியம், திருக்குறள், மணிமேகலை என்னும் மூன்று நூல்களை இவ்வரிசையில் வையுங்கள். முதலிரண்டை இடமாற்றிப் பின்பு கடையிரண்டை இடமாற்றினால் குறள், மணிமேகலை, தொல்காப்பியம் என்று வரும். மாறாக, கடையிரண்டை முதலில் மாற்றிப் பின்பு முதலிரண்டை மாற்றினால் மணிமேகலை, தொல்காப்பியம், குறள் என்று வரும். இடமாற்றங்களும் முழு எண்களின் கூட்டலும் 'குலம்' என்னும் கோட்பாட்டின் மாதிரிகளே. கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறாது, இடமாற்றத்தில் மாறும். ஆகவே குலக்கோட்பாட்டின் அடிக்கோள்கள் பரிமாற்று விதியை நிறுவவும் மாட்டா, மறுக்கவும் மாட்டா. இதற்காக எவரேனும் மெய்யின் மறைவுக்கு இரங்கற்பா பாடினாரா? எந்த அடிக்கோளிலிருந்து எது வரும், எது வராது என்பது எவருடைய விருப்பத்தையும் சார்ந்ததன்று.

வாதம் அத்துடன் முற்றுப்பெறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்வேன். கணக்கோட்பாட்டில் தொடர்மக் கருதுகோள் என்றொன்று உண்டு. இயல் எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் இடையில் வேறோர் அளவு இல்லை என்பது அது. வழக்கமான அடிக்கோள்களைக் கொண்டு அதனை மறுக்க இயலாது என்று 1938இல் கோடலும், நிறுவ இயலாது என்று 1963இல் கோஹனும் காட்டினர். இருவரும் கையாண்டவை மாதிரிகளே. இதனைப் பரிமாற்று விதியைப் போல் பல மாதிரிகளுக்கு உரியதாக விட்டுவிடுவதா, ஒரே உண்மையான கணவுலகம் ஒன்று உண்டென்று கொண்டு புதிய அடிக்கோளைத் தேடுவதா என்பதில் அறிஞர் இன்றும் இரு அணியினர். கோடல் இரண்டாம் அணியைச் சேர்ந்தவர். அக்கேள்விக்குத் திட்டமான விடை உண்டென்று நம்பியவர். எல்லாம் சார்புடையது என்போர் தம் கொடியில் எழுதிவைத்திருப்பது அவர் பெயரைத்தான்!

இவ்வகைச் சிந்தனை தமிழுக்கு அயலானது என்று சொல்லி ஒதுங்குவாரும் உளர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் அளவை நெறியை மணிமேகலைக்கு விரித்துரைக்கும் பகுதியை அவர்கள் படிக்க வேண்டும். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளையும் அவற்றின் போலிகளையும் அங்கே காணலாம். ஏது இருந்தும் முடிவு இல்லாத ஓரிடத்தைச் சுட்டினால் வாதம் வீழும் என்பது அந்நெறி. வட்டத்தையும் நாண்களையும் கொண்டு செய்ததும் அத்தகைய சுட்டலே. சாத்தனார் மாதிரிக் கோட்பாட்டை அறிந்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நம் மேடைகளைப் பிடித்த மற்றொரு நோய். அந்தக் காப்பியத்தைப் பாடமாக வைத்திருக்கும் இனத்துக்கு இது புரியாது என்பதை மட்டுமே மறுக்கின்றேன்.

மலேசியாவில் 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோதும், 2009இல் அக்கொள்கை கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டபோதும், எம்மொழியில் கற்பிப்பது என்று நாம் ஓயாது வாதிட்டோம், வாதிட்டது சரியே. ஆனால் தமிழில் கற்பிப்பது என்றால் 'வெளிப்படை உண்மை' என்னும் பிழையையும் சேர்த்துக் கற்பிப்பதா என்று அவ்வாதங்களில் கேட்ட குரலை நான் அறியேன். மொழிக்காகப் போராடுவோர் கலைச்சொல்லுக்காகவும் ஒருநாள் அமர்ந்து பேசலாம்.

இன்னுமொரு பழி எஞ்சியுள்ளது. "எண்கணிதம் தன் முரணின்மையைத் தானே நிறுவ இயலாது என்றும் கோடல் காட்டினாரே; அடித்தளம் ஆட்டம் கண்டதே" என்பர். தானே தனக்குச் சான்று கூறுவதை எந்த நீதிமன்றம் பெரிதாக மதிக்கின்றது? முரணுடைய கோட்பாட்டிலிருந்து எதையும் நிறுவிவிடலாம், தன் முரணின்மையையும்கூட. அத்தற்சான்று கிடைத்திருந்தாலும் நமக்கு ஆறுதல் தந்திராது. 1936இல் கெந்த்சன் என்பார் எண்கணிதத்தின் முரணின்மையை வெளியிலிருந்து நிறுவினார். அவர் கைக்கொண்ட துணை, இயல் எண்களின் வரிசையையும் கடந்து செல்லும் ஒருவகைத் தொகுத்தறி முறை. எண்கணிதம் தன்னுள் வைத்திராதது. அத்துணை எவ்வளவு நம்பத்தக்கது, அதனினும் எளியது போதுமா என்று ஐயுறுவோர் ஐயுறலாம். அவ்வையத்திலிருந்து பிறந்த ஆய்வு தனித் துறையாகவே வளர்ந்து இன்றும் நடந்துவருகின்றது.