காரணம் கேட்காதீர்கள்

ஒரு ஆண் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் நம் ஊர் எடுத்தவுடன் அடிக்க வருவதில்லை. முதலில் காரணம் கேட்கிறது. இரண்டு வருடமாக மூன்று அங்குல பிளாக் ஹீல்ஸோடு சென்னையில் நடக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். டீக்கடையில், ‘ஷூட்டிங்கா ப்ரோ?’ காலேஜ் பசங்க, ‘பெட்டு கட்டினீங்களா?’ பக்கத்து வீட்டம்மா, நிஜமான அக்கறையோடு, ‘கால்ல ஏதாச்சும் கொறையா தம்பி? டாக்டர் போடச் சொன்னாரா?’ மூன்றில் எதற்கு ஆமாம் சொன்னாலும் விட்டுவிடுவார்கள். ‘புடிச்சிருக்கு, போட்டிருக்கேன்’ என்று சொன்னால்தான் முகம் மாறுகிறது.

என் சண்டை அந்த முகத்தோடுதான்.

‘இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்’ என்பவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம். உயர்ந்த குதிகால் பாரசீகக் குதிரை வீரர்களின் காலில் இருந்தது. சேணத்தில் எழுந்து நின்று அம்பு விடும்போது பாதம் அங்கவடியிலிருந்து நழுவாமல் இருக்க அது தேவைப்பட்டது. ஷா அப்பாஸின் தூதுக்குழு 1599-இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பியது. பாரசீக மோகம் பரவிய அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பிரபுக்கள் குதிகாலை எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அங்கே பெண்களும் போட்டார்கள். இயாசிந்த் ரிகோ 1701-இல் வரைந்த பதினான்காம் லூயியின் ஓவியம் பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. அறுபது தாண்டிய மன்னர், வெள்ளைக் காலுறை போட்ட கால்களைக் காட்டிக்கொண்டு ஜம்மென்று நிற்கிறார். ஷூவின் குதிகால் சிவப்பு. அந்தச் சிவப்பு எல்லோருக்கும் கிடையாது. அரசவையில் இடமுள்ள பிரபுக்களுக்கு மட்டும்.

யார் காலில் எதைப் போடலாம் என்பது எப்போதும் அதிகாரத்தின் கேள்வி. இதை நமக்குப் பாரிஸிலிருந்து வந்து யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊர்த்தெருவைக் கடக்கும்போது தலித்துகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அடித்துச் சொன்ன மண் இது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. என் ஹீல்ஸுக்காக யாரும் என் குடிசையைக் கொளுத்தப் போவதில்லை. ஆனால் ‘செருப்புதானே, இதுல என்ன அரசியல்’ என்று மட்டும் தமிழ்நாட்டில் யாரும் கேட்கக்கூடாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்கள் குதிகாலைக் கைவிட்டார்கள். அறிவு ஆணுக்கு, அலங்காரம் பெண்ணுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பாகப்பிரிவினையைத்தான் இங்கே ‘நம்ம கலாச்சாரம்’ என்று சிலர் கட்டிக் காக்கிறார்கள். அதுவும் ஒழுங்காகக் காக்கவில்லை. என்னை முறைக்கிற பெரியப்பாக்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து எழுபதுகளின் ஆல்பத்தை எடுக்கட்டும். பெல்பாட்டம், அதற்கடியில் கட்டை மாதிரி உயர்ந்த ஷூ. அன்றைக்கு அதற்குப் பெயர் ஸ்டைல்.

இன்றைக்கும் ஆண்களுக்கு உயரம் வேண்டும். ஷூவுக்குள்ளே ஒளித்து வைக்கிற இன்சோல் ஆண்களுக்கென்றே ஆன்லைனில் விற்கிறது. பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை அதைப் போட்டால் சாமர்த்தியம். அதே உயரத்தை நான் வெளியே தெரிகிற மாதிரி போட்டால் வக்கிரம்.

காமெடி என்றாலும் அனுமதி உண்டு. 1996-இல் ‘அவ்வை சண்முகி’யில் கமல் மடிசார் கட்டினார், குழந்தைக்காக. 2016-இல் ‘ரெமோ’வில் சிவகார்த்திகேயன் நர்ஸ் வேஷம் போட்டார், காதலுக்காக. குடும்பத்தோடு போய்ச் சிரித்தோம். வேஷம் எப்படியும் கலையும் என்ற உத்தரவாதம் டிக்கெட்டோடு வந்ததே. சேவை என்றாலும் அனுமதி உண்டு. பாலியல் வன்முறையை எதிர்த்து ஆண்கள் ஹீல்ஸ் போட்டு நடக்கும் ஊர்வலத்தை அமெரிக்காவில் 2001-இல் ஆரம்பித்தார்கள். அங்கே தள்ளாடி நடக்கிறவனுக்குக் கைதட்டல். நன்றாக நடக்கிறவனைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும்.

ஆக ராஜாவாக இருக்கலாம், ஒளிக்கலாம், கோமாளி ஆகலாம், தியாகி ஆகலாம். சும்மா போடக்கூடாது. ஏன்?

பேண்ட் போட்ட பெண் ‘ஆம்பள மாதிரி’ என்றால் அதில் பாதியாவது பாராட்டு. ஹீல்ஸ் போட்ட ஆண் ‘பொம்பள மாதிரி’ என்றால் அது முழு வசவு. அவள் ஏறுகிறாள், இவன் இறங்குகிறான் என்று கணக்கு. சரி, இவன் இறங்குகிறான் என்றால் கீழே இருப்பது யார்? உங்கள் அம்மா, உங்கள் தோழி, உங்கள் மகள். என்னைப் பார்த்து நீங்கள் சிரிக்கும்போது அவர்களுக்கு நீங்கள் என்ன விலை போட்டு வைத்திருக்கிறீர்கள் என்பது வெளியே வந்துவிடுகிறது.

அடுத்த கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ‘தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க... அவங்களா?’ நான் பதில் சொல்வதில்லை. ‘இல்லை’ என்றால், அப்படி இருப்பது தப்புதான் என்று கையெழுத்துப் போட்டதாக ஆகும். ‘ஆமாம்’ என்றால், ‘அதான பாத்தேன்’ என்று ஒரு காரணம் கிடைத்த நிம்மதியில் போய்விடுவார்கள். என்மேல் விழுகிற வசவுகள் எல்லாம் திருநங்கைகளைத் திட்டுவதற்காகவே செய்து வைத்த வசவுகள். நான் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றி வைத்துவிடலாம். அவர்களால் எதைக் கழற்ற முடியும்? உடையாலும் நடத்தையாலும் தன் பாலினத்தை வெளிப்படுத்துவது கருத்துரிமையின் பகுதி என்று 2014-இல் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் தீர்ப்பு சொல்கிறவர்கள் வேறு ஆட்கள்.

பெண்ணியத் தோழிகளின் எதிர்வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். ‘நாங்க கழட்டி எறியப் போராடுற சனியனை நீ ஏன்டா எடுத்து மாட்டிக்கிற?’ நியாயமான கேள்வி. 2015 டிசம்பரில் லண்டனில் நிக்கோலா தோர்ப் என்ற வரவேற்பாளர், ஹீல்ஸ் போட மறுத்ததற்காக வேலையின் முதல் நாளே சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். நான் அந்த மனுவின் பக்கம். அவரைப் போடச் சொன்ன விதிதான் என்னைப் போடாதே என்கிறது. முதுகுவலியும் பாதவலியும் எனக்கும் உண்டு. வலிக்கிற அன்றைக்கு ரப்பர் செருப்பு. கழற்ற முடிகிறவர்களுக்குத்தான் அது செருப்பு. முடியாதவர்களுக்கு விலங்கு. அதனால் என் கோரிக்கையும் தோர்ப்பின் கோரிக்கையும் ஒன்றுதான்: என் காலை என்னிடம் விடு.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, ‘செம்ம பிரேவ் ப்ரோ’ என்று தோளில் தட்டி செல்ஃபி கேட்கும் முற்போக்கு நண்பர்கள். அதுவும் ஒரு காரணம் ஒட்டுகிற வேலைதான். ஷூட்டிங் என்று ஒட்டினார்கள், வியாதி என்று ஒட்டினார்கள், இவர்கள் புரட்சி என்று ஒட்டுகிறார்கள். நான் பால் பாக்கெட் வாங்கப் போகிறேன் ஐயா. அதில் என்ன புரட்சி?

எனக்குக் கைதட்டல் வேண்டாம். என் ஹீல்ஸ் உங்களுக்குப் பிடிக்கவும் வேண்டாம். கண்றாவியான ஒரு பூப்போட்ட சட்டையைப் பார்த்தால் மனசுக்குள் ஒரு ‘ச்சை’ சொல்லிவிட்டு நகர்வீர்கள் இல்லையா, அந்த அலட்சியம் போதும். ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று தோன்றினால் ஒன்று செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்கிறவன் போனைத் தூக்கி வீடியோ எடுக்கும்போது, ‘எறக்குடா’ என்று சொல்லுங்கள். எனக்காக மட்டும் சொன்னால் போதாது. அந்த வழியாக ஒரு திருநங்கை நடந்து போகும்போதும் சொல்லுங்கள்.