கான்ட்ராஸ்டை ஏத்தாதீங்க சாமிகளா!

பழைய கருப்பு-வெள்ளைப் படத்தை ஸ்கேன் பண்ணின கையோட கான்ட்ராஸ்டை ஏத்தி 'பளிச்'னு ஆக்குறீங்களே மக்களே, அது படத்தைக் கொல்ற வேலை.

எங்க வடக்குத்துப் பக்கத்துப் பழைய சுரங்கப் படங்களையே எடுத்துக்குங்க. நெய்வேலியில 1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அந்தக் காலத்துப் படங்கள்ல நிலக்கரியும் சரி, அதை வெட்டினவர் முகமும் சரி, இருட்டுப் பக்கம்தான் கிடக்கும்.

கணக்கு இதுதான். 0 கருப்பு, 255 வெள்ளை. 128-ஐ நடுவா வெச்சு ஒன்றரை மடங்கு ஏத்தினா, 0 முதல் 42 வரை அத்தனையும் 0. அதிகாரியோட சட்டை மடிப்பு போனா போகட்டும், தொழிலாளி கண்ணும் சேர்ந்து போச்சே!

அதுக்குத்தான் காமா வளைவு. 255-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, திரும்ப 255-ஆல் பெருக்குங்க. 20 என்பது 71, 40 என்பது 101. இருட்டுல 20 இருந்த இடைவெளி 30 ஆயிடுச்சு. வெளிச்சப் பக்கம் இடைவெளி சுருங்கும், படம் கொஞ்சம் வெளிறும். முகம் தெரியுதுல்ல?

"ஏஐ சரி பண்ணிடும்"னு சொல்லாதீங்க. 0 ஆனதை அது மீட்காது. யாரோ ஒருத்தர் கண்ணை வரைஞ்சு ஒட்டும். அது உங்க தாத்தா கண்ணு இல்ல.